என் கிணற்றில் இறங்கிய மாடிப்படி

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கை விட்டுவிட்டுப் போனவர்கள். ஐந்து பேரும் குடித்தது ஒரே கிணற்றுத் தண்ணீர். நான் திருப்பூருக்குப் போனது அந்தக் கிணற்றுக்காக.

ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பேத்தி கயல், "நானே எழுதித் தர்றேன் அப்பாயி, நீங்க சொல்லுங்க போதும்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்தவர் எழுதியதன் அடியில் ஒரு தடவை பெயர் போட்டதற்கே மூன்று நாள் ஊர் சுற்ற வேண்டியதாயிற்று. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு நாளைக்கு அரைப் பக்கம். ஆடு மேயும் நேரம் முழுக்க எனக்குச் சொந்தம், அவசரம் இல்லை.

"குண்டடத்துல இருந்து திருப்பூரு என்ன சீமையா, கட்டுச்சோறெல்லாங் கட்டறீங்க?" என்று என் சின்ன மகன் சுப்பிரமணி கேலி செய்தான். அவன் வாரத்துக்கு இரண்டு தடவை போய் வருகிறவன். நான் அதற்கு முன் போனது ஒரு கல்யாணத்துக்கு. வேனில் போய், மண்டபத்தில் சாப்பிட்டு, வேனிலேயே தூங்கிக்கொண்டு திரும்பினேன். அதை ஊர் பார்த்ததில் சேர்க்க முடியாது. எனக்குத் திருப்பூர் சீமைதான்.

நடந்தது இது. மாடுகள் போகும் தடம் எங்கள் தோட்டத்தில் குழியாகக் கிடந்தது. ஒருநாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். கட்டிடம் இடிக்கிற கான்ட்ராக்டரின் ஆள். "நாலு லோடு நல்ல மண்ணு சும்மாவே கொட்டித் தர்றமுங்க ஆத்தா. இதுல மட்டும் ஒண்ணு வெச்சுக் குடுத்துருங்க" என்று ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் நீட்டினார்.

அந்த மைப்பெட்டிதான் வினை. "கைநாட்டுத்தானுங்களே?" என்று என் கட்டைவிரலைப் பிடிக்க வந்தார். எனக்குச் சுருக்கென்றது. "பேனாவக் குடு சாமி" என்றேன். என் பெயர் நாச்சாத்தாள். நாற்பத்தொன்றாம் வயதில் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து ஒரு வருடத்தில் பழகிய பெயர். மூன்று புள்ளி வரும். மூன்றையும் குங்குமப் பொட்டு மாதிரி பெரிதாக வைப்பேன். அன்றைக்கும் வைத்தேன். எழுதி முடித்த அழகைப் பார்த்தேனே தவிர, மேலே இருந்ததைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆடுகளைப் பக்கத்துத் தோட்டத்தில் விட்டுவிட்டு, எல்லோருமாகத் தாராபுரத்தில் மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போய் மூன்று நாள் தங்கினோம். திரும்பி வந்தபோது மாட்டுத் தடம் குழியாகத்தான் இருந்தது. லாரிச் சக்கரத் தடம் நேரே கிணற்று மேட்டுக்குப் போயிருந்தது.

எட்டிப் பார்த்தேன். கிணற்றுக்குள் ஒரு கட்டிடம் கிடந்தது. ரோஸ் நிறச் சுவர் துண்டு துண்டாக, அதற்கு நடுவில் நீல ஓடு, முறுக்கிய கம்பி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மாடிப்படி. ஏழெட்டுப் படிகள் ஒடியாமல் கிணற்றுச் சுவரில் சாய்ந்து உள்ளே இறங்கின. யாரோ குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இப்போதுதான் இறங்கிப் போனதுபோல இருந்தது. மோட்டார்க் குழாய் நொறுங்கிவிட்டது. முப்பது தென்னைக்கும் பதினெட்டு ஆட்டுக்கும் அந்தக் கிணறுதான்.

சுப்பிரமணி அந்த ஆளுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தான். "எடுக்கறானா பாருங்க! கையெழுத்துப் போட்டது நீங்கம்மா. உடுங்க, அப்புடியே மூடிச் சமன் பண்ணிப்புட்டு போர் ஓட்டிக்கலாம்" என்றான். கையெழுத்துப் போட்டது நீங்கம்மா. அதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அன்று மதியம் வேப்ப நிழலில் கண்ணயர்ந்தேன். கனவில் அந்தப் படியில் பெண்கள் இறங்கினார்கள். கையில் தூக்குப்போசி, தலையில் பூ, மெதுவாக, ஒருத்தி பின்னால் ஒருத்தி கிணற்றுக்குள். கடைசியாகப் போனவள் திரும்பி, "பெல் அடிச்சாச்சுங்களா?" என்று கேட்டாள். விழித்துக்கொண்டேன்.

கிணற்று மேட்டில் சிதறிக் கிடந்ததில் ஒரு தகரத் தகடு கிடைத்தது. கதவு நம்பரும் ஊர்ப் பெயரும் போட்டது. பெயரை உட்கார்ந்து கூட்டினேன். ம, ண், ண, ரை. மண்ணரை. திருப்பூரில் அப்படி ஒரு இடம் உண்டு என்று கயல் சொன்னாள். தகட்டையும், ஒரு ரோஸ் சுவர்த் துண்டையும், நீல ஓட்டில் ஒன்றையும் பழைய வேட்டியில் சுற்றிப் பையில் வைத்தேன். மேலே வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் பத்து, மாற்றுச் சேலை ஒன்று. யாருடைய கட்டிடமோ அவரிடமே போய்க் கேட்பது என்று கிளம்பினேன்.

முதல் நாள், பஸ். தனியார் பஸ் வாசலில் நிற்கும்போதே பாட்டு என் வயிற்றில் அடித்தது. சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் காற்றாலைகள். வெயிலில் அவை சுற்றுவதைப் பார்த்தால் வானத்தில் யாரோ சாவகாசமாகத் தயிர் கடைகிற மாதிரி இருக்கும். மூன்று இறக்கை, ஒன்று போக ஒன்று வர... நான் தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது பல்லடம் தாண்டிக் கரணம்பேட்டை வந்திருந்தது. கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க ஆத்தா, பல்லடம் பல்லடம்னு தொண்டை கிழியக் கத்துனனே!"

"உம்பட பாட்டுச் சத்தத்துல நீ கத்துனது உனக்கே கேட்டுதா சாமி?" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. அவரே இறங்கி, எதிர்ப் பக்கம் கூட்டிப்போய், கோழிமுட்டை அட்டைகளோடு நின்ற ஒருவரிடம், "ஆத்தாவப் பல்லடத்துல பாத்து எறக்கி உடுங்க, முட்டை மாதிரி" என்று ஒப்படைத்துப் போனார்.

பல்லடத்தில் ஒரு டீயும் பன்னும். டீயில் பாலை விடத் தண்ணீருக்குத்தான் மரியாதை அதிகம். கடைக்குப் பின்னால் தறிகள் ஓடின. சடக்கு சடக்கு என்று அது நிற்காமல் கேட்கக் கேட்க நெஞ்சு அந்தத் தாளத்துக்குப் பழகிவிடுகிறது. அடுத்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. சும்மா ஏறி உட்கார எனக்கு மனம் வரவில்லை. "டிக்கெட்டு குடுங்க" என்று கை நீட்டினேன். காசு வேண்டாம் என்று போட்ட ஒரு டிக்கெட்டை அவர் கிழித்துக் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன். இந்தப் பயணத்தில் நான் படித்துவிட்டு வாங்கிய முதல் காகிதம் அதுதான்.

மண்ணரையில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒவ்வொரு சன்னலிலும் தையல் மிஷின் சத்தம். காற்றில் பஞ்சுத் தூசு பறந்தது. சாயங்கால வெளிச்சத்தில் அது மேலே போவதா கீழே வருவதா என்று தெரியாமல் நின்றது. தெருவில் பாதிப் பேச்சு எனக்குப் புரியாத பாஷை. புரியாத பேச்சைக் கேட்டுக்கொண்டே நடப்பது தண்ணீருக்குள் நடப்பது மாதிரி. எல்லோரும் வாய் திறக்கிறார்கள், நாம் மிதந்து போகிறோம்.

தண்ணீர்க் குழாயடியில் குடங்கள் நீளமாக வரிசை நின்றன. ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வருமாம். வரிசையில் நின்ற ஒருத்தியிடம் தகட்டைக் காட்டினேன். நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஆள். வாங்கிப் பார்த்தவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏ ஆச்சி, இத எங்க எடுத்திய?"

"எங்க கெணத்துலீங்க."

"கெணத்துலயா! இது எங்க பழைய கம்பெனி வாசல்ல அடிச்சிருந்ததுல்லா!"

அவள் பெயர் மாரியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரி. பதினோரு வருடமாக அந்தப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நான் ரோஸ் துண்டைப் பிரித்துக் காட்டினேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். "ரெண்டாவது மாடி, செக்கிங் செக்சன். ஆயுத பூசைக்கு நாங்க பொம்பளையளே சேர்ந்து அடிச்ச பெயிண்டு. கம்பெனிக்காரங்க பச்சை வாங்கித் தந்தாக. வேண்டாம், எங்களுக்கு ரோஸ்தான் வேணும்னு சண்டை போட்டு அதையும் வாங்குனோம்."

பிறகு மெதுவாகச் சொன்னேன். "மாடிப்படியும் அங்கதானுங்க கெடக்குது."

"டீ பெல் அடிச்சா அதுலதான் ஓடுவோம்" என்றாள். எனக்கு வேப்ப நிழலில் கண்ட கனவு ஞாபகம் வந்தது.

என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். சிமெண்டுச் சீட்டுப் போட்ட ஒற்றை அறை. பொழுது சாய்ந்தும் சூடு தலைக்கு மேலேயே நின்றது. புளிக்குழம்பும் அப்பளமும் வைத்தாள். உப்பும் காரமும் எங்கள் பக்கத்தைவிட ஒரு படி கூடுதல். நான் நான்கு கச்சாயம் கொடுத்தேன். இனிப்பைத் தின்றுகொண்டே அவள் ஒன்று கேட்டுக்கொண்டாள்: "நாளைக்குக் கம்பெனியக் காட்டுதேன் ஆச்சி. ஆனா என்னையத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதிய. பிள்ளை படிக்குது."

இரண்டாம் நாள். அவள் முன்னால் போக, பத்தடி விட்டு நான் பின்னால் போனேன். பழைய கட்டிடம் இருந்த இடத்தில் பெரிய குழி. ஓரத்தில் ஒரே ஒரு சுவர் மட்டும் மிச்சம். பக்கத்தில் புதுக் கட்டிடம் முன்பே எழும்பி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது கட்டிடம் இந்தக் குழியில் வருமாம். வாசல் பலகையில் மரம் ஒன்று வரைந்து ஏதோ எழுதியிருந்தது. கூட்டினேன். 'கழிவு இல்லாக் கட்டிடம்'. கடைசி எழுத்து வரை வந்ததும் மறுபடி முதலில் இருந்து கூட்டினேன். நான் தப்பாகப் படிக்கவில்லை.

மேனேஜர் வேலையாக இருக்கிறார் என்று காவல்காரர் சொன்னார். மிச்சச் சுவர் நிழலில் உட்கார்ந்தேன். வடக்கத்திப் பையன்கள் நாலு பேர் அந்தச் சுவரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து, காரையைத் தட்டி, முழுக்கல் தனி, அரைக்கல் தனி, கம்பி தனி, மரம் தனி. பனியனில் ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் வரி வரியாகப் பிரியுமே, அப்படிப் பிரிந்தது சுவர். பார்க்க அத்தனை அமைதி. மணி போனதே தெரியவில்லை.

சோற்று நேரத்தில் மாரியம்மாள் தற்செயலாக வந்தவள் போலக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கம்பெனியில் வடக்கத்திக்காரர்களோடு வேலை செய்து இந்தி பழகியவள், பையன்கள் பேசுவதை முகத்தைத் திருப்பிக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னாள். மூத்தவன் சொன்னானாம்: "அந்தப் பாட்டிக்கு ஒரு பலகை போடு. எங்கம்மாவும் இப்படித்தான், ஒன்று கேட்க வேண்டும் என்றால் ரயிலை நிறுத்தியாவது வந்துவிடுவாள்." சின்னவன் சொன்னானாம்: "போன மாதம் முழுக்க மிஷினை விட்டு அடித்து எல்லாவற்றையும் ஒன்றாக லாரியில் அள்ளினோம். நாளைக்கு ஆபீசர் வருகிறார் என்று இந்த ஒரு சுவருக்கு மட்டும் இவ்வளவு மரியாதை."

எனக்குப் பலகை வந்தது. கூடவே தணலில் சுட்ட மாவு உருண்டை ஒன்று. உள்ளே கடலை மாவும் பூண்டும் வைத்திருந்தார்கள். எங்கள் கம்பு அடையை உருண்டையாகச் சுட்டால் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். மீதிக் கச்சாயத்தை அவர்களுக்குக் கொடுத்தேன். அடுப்புக்கு முட்டுக் கொடுத்திருந்தது என் கிணற்றில் கிடக்கிற அதே செங்கல்.

மூன்று மணிக்கு மேல் உள்ளே கூப்பிட்டார்கள். பொய் சொல்லக் கூடாது, அந்தப் புதுக் கட்டிடம் போன்ற ஒன்றை நான் பார்த்ததில்லை. வெளியே அப்படி வெயில், வாசலைத் தாண்டியதும் மழை விட்ட பிறகு வருமே ஒரு குளிர்ச்சி, அது. சுவர் இரட்டைச் சுவராம், நடுவில் காற்று. மொட்டை மாடியில் வெள்ளை ஓடு. சன்னல்கள் எல்லாம் வடக்கே. வெளிச்சம் மேலிருந்து பால் மாதிரி இறங்கி, முந்நூறு பெண்கள் தலையிலும் ஒரே மாதிரி விழுந்தது. மாரியம்மாளும் அதில் ஒருத்தியாகக் குனிந்திருந்தாள். ராத்திரி சீட்டுக் கூரையில் வெந்து, பகலில் இங்கே குளிர்கிறாள். நான் சிறிது நேரம் எதற்கு வந்தேன் என்பதையே மறந்து நின்றேன்.

மேனேஜர் சின்ன வயது, மரியாதையான ஆள். "வாங்க ஆத்தா, உக்காருங்க. மொதல்ல மோர் குடிங்க" என்றார். சொன்னேன். பையைப் பிரித்துக் காட்டினேன். அவர் ஒரு பைலை எடுத்துப் புரட்டி என் பக்கம் திருப்பினார்.

என் பெயர். மூன்று பெரிய பொட்டு.

"பயன்படாத கெணறு, கட்டிட இடிபாடு கொட்டி நிரப்பிக்க முழுச் சம்மதம்னு எழுதியிருக்குதுங்க ஆத்தா" என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதக் கான்ட்ராக்டரு குடுத்தது. எங்களுக்கும் தெரியாதுங்க. ஒண்ணு செய்யுங்க. நாளைக்குக் கட்டிடத்தப் பாத்து சர்ட்டிபிகேட் குடுக்க சர்க்கார் ஆபீசரம்மா வர்றாங்க. இது எம்பட கையெழுத்தே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஏமாத்துனவன் கான்ட்ராக்டருன்னு ஆயிரும். ஒரே வாரத்துல கெணத்தக் காலி பண்ணிக் குடுக்க வெக்கறது எம் பொறுப்பு. உங்க வயசுல யாருங்க கையெழுத்துப் போடறாங்க? கைநாட்டுன்னா எல்லாரும் நம்புவாங்க."

அன்று சாயங்காலம் மாரியம்மாளும் அதையேதான் சொன்னாள். "சொல்லிருங்க ஆச்சி. ஒரு பொய்யி, ஒரு கெணறு. எது பெருசு?"

கிணறுதான் பெரிசு. எனக்குத் தெரியாதா? தென்னை மட்டை ஒவ்வொன்றாகத் தொங்குவது கண்ணில் நின்றது. ஆனால் அந்தப் பெயரை நான் ஒரு வருடம் எழுதிப் பழகினேன். ரேசன் கடையில், பாங்கியில், ஐந்து பேர் பள்ளிக்கூடத்தில், என் வீட்டுக்காரர் போன பிறகு ஆபீஸ் ஆபீசாக எழுதினேன். அது என்னுடையதே இல்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள். வாசலில் கோலம், பூச்சட்டி, பிரித்து அடுக்கிய செங்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. ஆபீசரம்மா ஜீப்பில் வந்தார். என் மூத்த பேத்தி வயதுதான் இருக்கும். சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடி ஏறினார், தண்ணீர்த் தொட்டி பார்த்தார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மிஷின்களுக்கு நடுவில் போட்ட மேசையில் உட்கார்ந்து, பழைய கட்டிடம் எங்கே போனது என்று கேட்டபோது மேனேஜர் பைலைத் திறந்தார். உள்வாசலில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து போனேன்.

"எங்கிட்டத்தானுங்க இருக்குது" என்றேன். பையைப் பிரித்து மேசை மேல் வைத்தேன்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "மேடம், இந்த ஆத்தாவோட கையெழுத்தக் கான்ட்ராக்டரு..." என்று சொல்லிவிட்டு, மீதியை நான் சொல்வதற்காக நிறுத்தினார்.

ஆபீசரம்மா காகிதத்தை என் முன்னால் வைத்தார். "இது உங்க கையெழுத்துங்களா பாட்டி?"

வெளிச்சம் மேலிருந்து பாலாக இறங்கிக்கொண்டிருந்தது. மிஷின்கள் ஓடின. எங்கேயோ வெகுதூரத்தில் நான் நிற்பது போல இருந்தது.

"எம்பட கையெழுத்துத்தானுங்க."

மேனேஜர் மூச்சு விட்டது கேட்டது.

"படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கையெழுத்து என்னுடையது என்று சொல்வது சுலபமாக இருந்தது. இதைச் சொல்வதுதான் கஷ்டம். முந்நூறு பேர் இருக்கிற இடம். ஊரில் எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று பெயர்.

"இல்லீங்க சாமி" என்றேன். "படிக்காமப் போட்டனுங்க. மண்ணு கொட்டறம்னாங்க. மைப்பெட்டிய நீட்டுனாங்க, ரோசம் வந்துருச்சு. போட்டுட்டனுங்க."

ஆபீசரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். "பாட்டி, நீங்க கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி, போடாட்டியும் சரி. தண்ணி இருக்கற கெணத்துல இதக் கொட்டக் கூடாது. அதுக்குச் சம்மதம் குடுக்க யாருக்கும் உரிமை இல்ல. உங்களுக்கும் இல்ல." பிறகு விவரம் சொன்னார். இப்போது சர்க்கார் சட்டம் இதுதான்: பெரிய கட்டிடத்தை இடிப்பதற்கு முன்பே அதிலிருந்து என்னென்ன வரும், எது எங்கே போகும் என்று எழுதித் தர வேண்டும். நல்ல கல் மறுபடி சுவருக்குப் போக வேண்டும், உடைந்ததை அரைத்து ரோட்டுக்கும் கட்டிடத்துக்கும் சேர்க்க வேண்டும். "ஒரு செங்கல்லு சுட எத்தனை புகை பாட்டி! சிமெண்டுக்கு அதவிட. அந்தப் புகை மேல போனது போனதுதான். கல்லையும் தூக்கிப் போட்டுட்டா மறுபடியும் சூளை மூட்டணும், மறுபடியும் புகை. புதுசா எவ்வளவு குளுகுளுன்னு கட்டினாலும், பழச இப்படிக் கொட்டினா அது பாதிக் கட்டிடம்தான்."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புகை ஒரு முறை போனது, கல்லாவது மிஞ்சட்டும். எங்கள் வீட்டில் விறகுக் கரியைக்கூட அணைத்து எடுத்து வைப்போம்.

"இந்தத் துண்டு எந்தக் கட்டிடத்துதுன்னு இங்க யாராச்சும் சொல்ல முடியுங்களா?" என்று ஆபீசரம்மா கேட்டார்.

மேனேஜர், "ரோஸ் பெயிண்டு எத்தனையோ கட்டிடத்துல இருக்குமுங்க மேடம்" என்றார்.

நான் மாரியம்மாள் பக்கம் பார்க்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன். மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மிஷின் நின்றது, பக்கத்து மிஷினும் நின்றது. பின்னாலிருந்து செருப்புச் சத்தம் வந்தது.

"நாஞ் சொல்லுதேன் மேடம்" என்றாள். "நாங்க அடிச்ச பெயிண்டு அது. பச்சைக்கு மேல ரோஸ். ஓரத்தச் சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சை இருக்கும். அவுக வாங்கித் தந்த டப்பாவ வீணாக்க வேண்டாம்னு மொதல்ல அதத்தான் பூசுனோம்."

ஆபீசரம்மா பேனா முனையால் சுரண்டினார். உள்ளே பச்சை, தென்னங்குருத்து நிறத்தில்.

நான் போன வேலை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கிளம்பும்போது ஆபீசரம்மா வாசல் வரை வந்தார். "கெணத்தச் சுத்தம் பண்ணித் தரச் சொல்லி கம்பெனிக்கும் கான்ட்ராக்டருக்கும் நோட்டீஸ் போகும். உங்களுக்கும் ஒண்ணு வரும் பாட்டி. கையெழுத்து உங்களுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. என்ன நடந்ததுன்னு ஒரு பக்கத்துல விளக்கம் எழுதிக் குடுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க" என்றார்.

"பயமில்லீங்க. ஒரு பக்கம் போதாதே, அதத்தான் நெனச்சேன்" என்றேன்.

மாரியம்மாளை பஸ் ஏறுமுன் பார்த்தேன். வேலை போகவில்லை. ஆபீசரம்மா அவள் பெயரை எழுதிக்கொண்டு போனதால் இப்போதைக்குப் போகாது என்றாள். "பிள்ளைகிட்ட சொன்னா நம்பமாட்டா, நான் முந்நூறு பேர் முன்னால பேசுனேன்னு" என்று சிரித்தாள். திரும்பும் பஸ்ஸில் நான் தூங்கவில்லை. காற்றாலைகளை முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தேன். குண்டடம் வந்ததும் நானே விசில் கொடுக்கச் சொன்னேன்.

இருபது நாள் கழித்து லாரிகள் வந்தன. கிரேன் வந்தது. பதினோரு நாள் கிணற்றிலிருந்து கட்டிடம் மேலே ஏறியது. முதலில் சுவர், பிறகு நீல ஓடு, அப்புறம் கம்பி. ரோஸ் துண்டுகள் வெயிலில் ஆடிக்கொண்டு மேலே போவதைப் பார்க்க, யாரோ ஒரு வீட்டைத் தூக்கத்தில் திரும்பக் கட்டுகிற மாதிரி இருந்தது. மாரியம்மாளுக்கு ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

மாடிப்படி மட்டும் வரவில்லை. கீழே இருந்ததை எடுக்க எடுக்க அது சரிந்து, அடியில் போய்க் குறுக்கே சிக்கிக்கொண்டது. கிரேன் அதற்கு மேல் கிட்டத்தில் வந்தால் கிணற்று ஓரம் சரியும் என்றார்கள். அப்படியே விட்டுவிட்டு, அதே வெள்ளைச் சட்டைக்காரர் முந்தாநாள் ஒரு காகிதத்தோடு வந்தார். இந்தத் தடவை மைப்பெட்டி கொண்டுவரவில்லை, பேனாதான்.

நான் வாங்கிக்கொண்டு, ஆட்டுக்குத் தழை கட்டிவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து கூட்டினேன். அவர் இரண்டு தடவை மணி பார்த்தார். 'கிணற்றிலிருந்து இடிபாடுகள் முழுவதும் அகற்றப்பட்டன.'

"முழுவதும் இல்லீங்களே" என்றேன்.

"ஒரு படிதானுங்க ஆத்தா!"

"எட்டுப் படி. படி இன்னும் உள்ள கெடக்குதுன்னு எழுதிக் கொண்டாங்க, போடறேன்." அவர் இன்னும் வரவில்லை.

நேற்று ஐப்பசி மழை வலுத்தது. காலையில் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேலிருந்து மூன்றாவது படி வரை ஏறியிருந்தது. கலங்கல் இல்லாத தண்ணீர். படிகள் அதற்குள் இறங்கிப் போய், எங்கே முடிகின்றன என்று தெரியாமல் பச்சையாக மறைந்தன. யாரும் இறங்கவில்லை. பெல்லும் அடிக்கவில்லை. அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. அழகாக இருப்பதற்காக அது அங்கே இல்லை என்று எழுத முடியாது.

ஆபீசரம்மாவுக்கு நான் தர வேண்டிய விளக்கம் இவ்வளவுதான். அடியில் இடம் விட்டிருக்கிறேன்.

கயலு, இங்க வா கண்ணு. இந்தா நோட்டு. மொத வரில இருந்து சத்தமாப் படி, ஓடாத, நிறுத்திப் படி. நான் எழுதுனதுல ஒரு வார்த்தை தப்பா இருந்தாலும் அங்கயே நில்லு. முழுக்கக் கேட்டுப்புட்டுத்தான் நான் புள்ளி வெப்பேன்.